லுணுகலைக்குப் போட்டி போட யாரு வாரா?

தம்பி, கொழும்புக் கூட்டத்துல நீ வாசிக்கப் போற கட்டுரைய கண்ணாடிய மூக்குல ஏத்திக்கிட்டு முழுசா படிச்சேன். நல்லா எழுதியிருக்க. நாட்டுல ஒவ்வொரு ஆளுக்கும் சுகாதாரக் காப்புறுதி இருக்கணும், காப்புறுதிக் கம்பெனிங்க ஆளு புடிக்கப் போட்டி போடணும், அந்தப் போட்டி கண்டபடி போயிராம அரசாங்கம் நடுவுல நின்னு விதி போடணும். அதானே விசயம்? படிச்சு முடிச்சதும் எனக்கு ஒரே பெருமை. நம்ம லயத்துக் காம்பராவுல பொறந்த புள்ள நாட்டுக்கே வைத்தியம் சொல்லுது. ஒங்க தாத்தா இருந்திருந்தா அடுத்த லயத்துக்குக் கேக்குற மாதிரி இருமியிருப்பாரு. அவருக்குச் சந்தோசம் வந்தாலும் இருமல்தான் வரும்; ஸ்டோருல தேயிலைத் தூசி தின்ன நெஞ்சு.

கூட்டத்துல யாரும் ஒன்னய மடக்க மாட்டாங்க. பெரிய ஹோட்டல்ல நடக்குற கூட்டம். பகல் சாப்பாடு நெருங்க நெருங்க எல்லாரும் ஒன் பக்கம் தலைய ஆட்டிருவாங்க. அதனாலதான் சொல்றேன், இந்தக் கெழவன் கேக்குறதையும் கேட்டுட்டுப் போ. நான் படிக்காதவன். பெரட்டுல பேர் குடுத்து, கொழுந்து நிறுத்து, சம்பளத் துண்டுல பிடிப்பு எண்ணிப் பாத்தே கணக்குப் படிச்சவன். ஏடாகூடமா கேட்டா பொறுத்துக்கணும், தொரைவாள்.

மொதல்ல அந்த அமெரிக்கக்காரரு. அலன் எந்தோவன்னு எழுதியிருக்க. ஸ்டான்போர்ட் பேராசிரியரு. 1978ல இந்த யோசனைய ஒரு பெரிய வைத்தியப் பத்திரிகையில எழுதினாரு. அதுக்கு முந்தி 1960கள்ல பென்டகன்ல உக்காந்து, எந்த ஆயுதம் எவ்வளவு காசு பெறும்னு கணக்குப் பாத்த மனுசன். ஆளக் கொல்றதுக்குக் கணக்குப் பாத்தவரு ஆளப் பொழைக்க வைக்கவும் கணக்குப் பாக்க வந்தாரே, அது நல்ல விசயம்தான். வைத்தியச் செலவு ஏற ஏற டாக்டருக்கும் லாபம், ஆஸ்பத்திரிக்கும் லாபம். சிக்கனமா நடத்துறவனுக்கு ஒன்னும் கெடைக்கிறதில்லன்னு அவரு பாத்தாரு. சனங்க வருசா வருசம் வெலையும் தரமும் பாத்துத் திட்டம் மாறிக்கட்டும். எல்லாத் திட்டமும் ஒரே அளவு வைத்தியம் குடுக்குதா, நோயாளிய விரட்டாம இருக்குதான்னு பாக்க நடுவுல பலமான ஒரு ஆளு நிக்கட்டும்னாரு. 1993ல கிளின்டன் இதுல பாதிய எடுத்துச் சட்டம் கொண்டாரப் பாத்தாரு. அடுத்த வருசமே கவுந்துச்சு. விடாம புடிச்சவன் ஒல்லாந்துக்காரன். 1987ல டெக்கர் குழு சொன்னத 2006 ஜனவரியிலதான் அவனால நடைமுறைக்குக் கொண்டார முடிஞ்சது. 19 வருசம், தம்பி. நம்ம நாட்டுல 19 வருசத்துல எத்தன சுகாதார அமைச்சர் வந்து போவாங்கன்னு கூட்டத்துல யாராச்சும் கேட்டா, இருமிக்கிட்டே தண்ணி குடிச்சிரு.

ஒங் கோபம் எனக்குப் புரியாம இல்ல. இலவச வைத்தியம்னு நாம மார் தட்டிக்கிறோம். பக்கத்து லயத்துப் பாட்டிக்கு சீனி வியாதி, பிரஷர் ரெண்டும் இருக்கு. அவ கிளினிக் போற நாள நீ பாத்ததுதானே? அஞ்சரை பஸ்ஸப் புடிக்க இருட்டுலயே எறங்கணும். ஒரு கையில டார்ச், இன்னொரு கையில சொப்பிங் பேக்குல சுத்தின கிளினிக் கொப்பி. நம்பர் துண்டு எடுத்தா நூத்துச் சொச்சம் வரும். உள்ள போனா சிங்களத்துல கேள்வி, தமிழ்ல பதில், நடுவுல கை சாடை. டாக்டரு நல்ல புள்ள, சின்ன வயசு, அத்தன கூட்டத்துல அவரால முடிஞ்சது அம்புட்டுத்தான். மூணு மாத்திரையில ரெண்டு ஜன்னல்ல கெடைக்கும்; மூணாவத வெளிய வாங்கச் சொல்லித் துண்டு வரும். 2022ல டொலர் இல்லாம போன நேரம் துண்டு மட்டும்தான் கெடைச்சது. வீடு திரும்ப சாயங்காலமாயிரும். கூடப் போன மகளுக்கு அன்னைக்குப் பேர் இல்ல; பேர் இல்லன்னா அன்னைக்குச் சம்பளமும் இல்ல. 2024 செப்டம்பர்ல நாள் சம்பளம் 1,350 ரூபான்னு ஆச்சு. அது போச்சு, பஸ் காசு போச்சு, மாத்திரைக் காசு போச்சு. கையில வந்தது இலவச வைத்தியம்.

நாட்டுல வைத்தியத்துக்குச் செலவாகுற காசுல பாதிக்குக் கிட்ட சனங்க சொந்தப் பையில இருந்துதான் போகுதுன்னு நீயே எழுதியிருக்க. சனல் பண்ணக் காசு, ரத்தம் சோதிக்கக் காசு, மருந்துக்குக் காசு. வார்டுல போய்ப் படுக்குறதுன்னா மட்டும் ஏறக்குறைய எல்லாரும் அரசாங்க ஆஸ்பத்திரிதான். அப்ப இந்தப் பைக்காசுக்கு ஒரு ஒழுங்கு வேணும்னு நீ கேக்குறது ஞாயம். அதுல எனக்கு வழக்கில்ல.

ஆனா ஒரு எடத்துல சிரிச்சிட்டேன். "பெருந்தோட்ட மக்களுக்குச் சுகாதாரச் சந்தை புதியது"ன்னு போட்டிருக்கியே, அங்க. ராசா, நம்ம ஒடம்பு அந்தச் சந்தைக்கு வந்து 150 வருசத்துக்கு மேல ஆச்சு. காபித் தோட்டக் காலத்துல, 1872லயே மருத்துவத் தேவைகள்னு வெள்ளக்காரன் சட்டம் போட்டான். கூலிக்கு நோய் வந்தா செலவு தோட்டத்துக்கா, சர்க்காருக்கான்னு தொரைமாருக்கும் கவர்மென்டுக்கும் ஓயாத வழக்கு. 1912ல அந்தச் சட்டத்த மறுபடி எழுதினாங்க. அப்புறம் தோட்டத்துக்குத் தோட்டம் டிஸ்பென்சரி, மருந்து குடுக்குற ஐயா, புள்ளப்பேத்துக்கு மருத்துவச்சி. காய்ச்சலுக்கும் வயித்து வலிக்கும் நெஞ்சு சளிக்கும் போத்தல்ல ஒரே தண்ணி. போத்தல மட்டும் நாமதான் கொண்டு போகணும்.

இந்த நாட்டுல இலவச ஆஸ்பத்திரி எப்புடி வந்துச்சு? 1931ல எல்லாருக்கும் ஓட்டு வந்துச்சு. 1934லயும் 1935லயும் மலேரியா அள்ளிக்கிட்டுப் போச்சு. ஓட்டுக் கேட்டு வந்தவன்கிட்ட சனங்க ஆஸ்பத்திரி கேட்டாங்க. ஒரு தொகுதிக்காரன் கட்டினா அடுத்த தொகுதிக்காரனும் கட்டணும். 1951ல கட்டணமே வேணாம்னு எடுத்துட்டாங்க. 1971ல இருந்து 1977 வரைக்கும் ஓ.பி.டி.க்கு 25 சதம் வாங்கிப் பாத்தாங்க, ஆட்சி மாறினதும் அதுவும் போச்சு. அதனால தம்பி, இங்க போட்டி வேல செய்யாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நல்லாவே செஞ்சது. ஓட்டுக்கு நடந்த போட்டிதான் கிராமத்துக்குக் கிராமம் ஆஸ்பத்திரி கட்டுச்சு. நாம அந்தப் போட்டியில இல்ல. 1948ல குடியுரிமை போச்சு, அடுத்த வருசம் ஓட்டும் போச்சு. கடைசி முடிச்சு அவுந்தது 2003லதான். ஓட்டில்லாதவன் இருமினா தோட்டக் கணக்கு. ஓட்டுள்ளவன் இருமினா சர்க்கார் கணக்கு.

1975ல கம்பெனித் தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்கு வந்துச்சு. 1992ல நிர்வாகத்த மறுபடி இருபத்திச் சொச்சம் கம்பெனிகிட்ட குடுத்தாங்க. போட்டி வந்தா நிர்வாகம் திருந்தும்னு அன்னைக்கும் ஒன்ன மாதிரி ஒருத்தர் கோட்டுப் போட்டுக்கிட்டுச் சொன்னாரு. லயத்துக்கும் புள்ளக் காம்பராவுக்கும் டிஸ்பென்சரிக்கும் தனியா ஒரு ட்ரஸ்ட் வந்துச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரிய எல்லாம் சுகாதார அமைச்சு எடுத்துக்கும்னாங்க. கொஞ்சத்த எடுத்தாங்க, மத்தத எடுக்கல. இன்னைக்கும் எங்க தோட்டத்து டிஸ்பென்சரி யாரோடதுன்னு கேட்டா, கூரை ஒழுகும்போது சர்க்காரோடது, திறப்பு விழாவுல கம்பெனியோடது.

இப்ப ஒரு நல்ல சேதி சொல்றேன், நீ எழுத மறந்தது. எந்தோவன் தொர புகழ்ற கைசர்னு ஒரு திட்டம் கலிபோர்னியாவுல இருக்குல்ல, அதுவும் நம்ம டிஸ்பென்சரி மாதிரி வேலத்தளத்துல பொறந்ததுதான். கார்பீல்டுன்னு ஒரு டாக்டரு, 1933ல பாலைவனத்துல தண்ணி வாய்க்கால் வெட்டுற ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரி போட்டாரு. காயம் பட்ட பொறகு பில் போட்டா கடன்லயே மூழ்குனாரு. அப்புறம் ஆளுக்கு நாளைக்கு 5 சதம்னு முன்கூட்டியே வாங்கினாரு. வாங்கின ஒடனே மனுசன் புத்தி மாறிருச்சு. பலகையில நீட்டிக்கிட்டு இருக்குற ஆணிய அவரே போய் அடிச்சு மடக்குவாருன்னு சொல்லுவாங்க. ஏன்னா ஆணி கால்ல ஏறினா அவரு காசு போகும்.

இத நல்லா யோசி. நம்ம மலையில குளவி கொட்டாத வருசம் உண்டா? கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கும்போது கூடு கலைஞ்சா பொம்பளைங்க பள்ளத்துல உருளுறாங்க, கொழுந்து லொறியில ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறோம், சில நேரம் பொணமாத்தான் திரும்புது. கூட்ட அகத்துறதுன்னா கம்பெனிக்குச் செலவு. ஆஸ்பத்திரி வைத்தியம் சர்க்காருக்குச் செலவு. பேர் போறது நமக்கு நட்டம். ரெண்டு செலவும் ஒரே பையில இருந்து போற மாதிரி வச்சுப் பாரு, அந்தப் பைக்காரன் விடியிறதுக்குள்ள கூட்ட எடுத்திருப்பான். ஒன் காப்புறுதித் திட்டத்துல எனக்குப் புடிச்சது இது ஒன்னுதான்: நமக்கு நோய் வந்தா யாரோ ஒருத்தனுக்குக் கையக் கடிக்கணும். ஆனா வருசா வருசம் ஆளு மாறிக்கலாம்னா, அடுத்த வருசம் பக்கத்துக் கம்பெனிக்குப் போற ஆளுக்காக இந்த வருசம் எவன் கூட்ட எடுப்பான்? இதுக்கு ஒன் கட்டுரையில பதிலக் காணோம். ஒல்லாந்துக்காரன்கிட்டயும் பெருசா பதில் இல்லன்னுதான் நெனைக்கிறேன்.

சரி, நாளைக்கே சட்டம் வந்துருச்சுன்னு வச்சுக்குவோம். கம்பெனிக்காரங்க பதுளை டவுனுக்கு வந்து எறங்குறாங்க. யாரையும் வேணாம்னு சொல்லக் கூடாது, எல்லார்கிட்டயும் ஒரே காசுதான் வாங்கணும்னு நீ விதி போட்டுட்ட. கெட்டிக்காரன். இப்ப அந்தக் கம்பெனி மனேஜர் என்கிட்ட புத்தி கேட்டு வந்தா நான் என்னா சொல்லிக் குடுப்பேன் தெரியுமா?

தொர, ஒங்க ஆபீஸ பஜார்ல மூணாவது மாடியில போடுங்க. லிப்ட் வேணாம். மூட்டு வலிக்காரங்க, நெஞ்சு வலிக்காரங்க பாதிப் படியிலயே திரும்பிருவாங்க. நீங்க யாரையும் வேணாம்னு சொல்லலையே! பாரம் இங்கிலீசுலயும் சிங்களத்துலயும் இருக்கட்டும். தமிழ்ப் பாரம் அச்சடிச்சுக்கிட்டு இருக்கு, அடுத்த மாசம் வரும்னு சொல்லுங்க. பதிவு நாள கிழமை நாள்ல, பெரட்டு நேரத்துல வைங்க. பேர் போகாம வரக்கூடியவன் சுகமா இருக்குறவன்தான். இளந்தாரிப் பசங்களுக்குக் கிரிக்கட் போட்டி வச்சு பனியன் குடுங்க, ஓடுறவனையெல்லாம் அள்ளிறலாம். ஒங்க டாக்டர் பட்டியல்ல பல்லுக்கும் கண்ணுக்கும் ஆளப் போடுங்க, சீனிக்கு மட்டும் ஆளப் போட்டுறாதீங்க. சீனிக்காரன் அவனாவே பக்கத்துக் கம்பெனியத் தேடிப் போயிருவான். போன் நம்பர் குடுங்க, ஆனா எடுக்கிறவன் தமிழ் தெரியாதவனா இருக்கட்டும். லயத்துக்கு ஏஜென்ட் அனுப்பினா, மேல் லயத்துக்கு அனுப்புங்க, கீழ் லயத்துக்கு வேணாம்; கீழ பீலித் தண்ணி கலங்கல், புள்ளைங்களுக்கு வயித்தோட்டம். அப்புறம் கொஸ்லந்தை மீரியபெத்தைப் பக்கம் போகவே போகாதீங்க. 2014 அக்டோபர்ல மலை எறங்கின எடம்.

பாத்தியா, ஒன் விதி ஒன்னக்கூட மீறல. ஒருத்தனையும் விரட்டல. நோயாளி மட்டும் அவனாவே காணாம போயிருவான்.

இதுக்கு மருந்து ஒன் கட்டுரையிலயே இருக்கு, சின்ன எழுத்துல, அடிக்குறிப்புல தூங்குது: ஆபத்துச் சமப்படுத்தல். தம்பி, அதத்தான் தலைப்பா போட்டிருக்கணும். நோயாளிய எடுத்த கம்பெனிக்குக் கூடுதல் காசு, சுகமா இருக்குறவன எடுத்த கம்பெனிக்குக் குறைச்சல் காசு, நடுவுல இருக்குற நிதியம் பிரிச்சுக் குடுக்கணும். அது சரியா நடந்தா பாட்டிய எடுத்தாலும் நட்டமில்ல, பனியன்காரன எடுத்தாலும் கொள்ளை லாபமில்ல. அப்பத்தான் நல்லா பாத்துக்கிறதுல போட்டி வரும். நம்ம கொழுந்து நிறுவைதான் இது. நீ எவ்வளவு எடுத்தங்கிறது கொழுந்துல இல்ல, நிறுக்கிறவன் கையில இருக்கு. சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோ, முத்தலுக்கு ஒன்னுன்னு அவன் கழிச்சா, பத்து வெரலும் வெடிச்சாலும் அரைப்பேர்தான். நிறுவ பெசகுனா போட்டியாவது புண்ணாக்காவது!

சுவிஸ்காரன் கதைய எடு. 1996ல எல்லாருக்கும் காப்புறுதி கட்டாயம்னு கொண்டு வந்தான். கம்பெனிங்களுக்கு நடுவுல காசு சமப்படுத்தும்போது வயசையும் ஆணா பொண்ணாங்கிறதையும் மட்டும் பாத்தான். அப்ப அம்பது வயசு சீனிக்காரனும் அம்பது வயசு மலையேறுறவனும் ஒரே எடை. கம்பெனிக்காரன் யாரத் தேடுவான்? மலையேறுறவனத்தான். முந்தின வருசம் ஆஸ்பத்திரியில படுத்தானாங்கிறதையும் சேத்துப் பாக்க 2012 ஆச்சு. எந்தெந்த நோய்க்கு மருந்து எடுக்கிறாங்கிறத முழுசா சேக்க 2020 ஆச்சு. கடிகாரத்துல பல் எண்ணுற நாடு, 24 வருசம்! ஒல்லாந்துக்காரன் 1990கள்லயே தொடங்கி, மருந்து, பழைய செலவு, வருமான வழி, குடியிருக்கிற எடம்னு ஒவ்வொன்னா சேத்துக்கிட்டே வாரான், இன்னும் முடியல. அவன்கிட்ட ஒவ்வொரு ஆளோட நோய்க் கணக்கும் எழுத்துல இருக்கு. நம்ம பாட்டியோட நோய்க் கணக்கு எங்க இருக்கு? சொப்பிங் பேக்குல. போன ஐப்பசி மழையில நனைஞ்சு, மூணு பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு. சில ஆஸ்பத்திரியில கம்பியூட்டர் வந்திருச்சு, ஒத்துக்கிறேன். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரலையே.

எடை போட்டா நம்ம ஆளுங்க எவ்வளவு நிப்பாங்கன்னும் கொஞ்சம் பாரு. 2016 குடித்தொகை சுகாதார ஆய்வுல, நாடு பூரா அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட புள்ளைங்கள்ல 100க்கு 17 வயசுக்கேத்த வளத்தி இல்லாம இருந்துச்சு. தோட்டப்புறத்துல 100க்கு 32. எந்தக் கம்பெனிக்காரன் ஆசைப்பட்டு இந்த லயத்துப் படிய மிதிப்பான்? ஆயிரத்தெட்டு விதி போட்டாலும், நம்ம தலைக்கு நிதியத்துல இருந்து கூடுதல் காசு வரலன்னா மிதிக்க மாட்டான்.

அப்புறம் இன்னொன்னு. போட்டின்னா ரெண்டு பேரு வேணும். மடுல்சீமையிலயும் லுணுகலையிலயும் எத்தன ஆஸ்பத்திரி இருக்கு, ஒன்ன விட்டு இன்னொன்னுக்குப் போக? பிரைவேட் ஆஸ்பத்திரில பெரும்பாலானது கொழும்பச் சுத்தித்தான் நிக்குது. ராத்திரி வலி எடுத்த பொம்பள, லொறியா திரீவீலான்னு தேடுவாளே தவிர, எந்தத் திட்டத்துல சுகப்பிரசவத்துக்கு நல்ல பேருன்னு வெலைப்பட்டியல் பாக்க மாட்டா. ஒல்லாந்து நம்ம நாட்டவிடச் சின்னது, தட்டையான பூமி, சைக்கிள மிதிச்சே டாக்டர்கிட்ட போயிரலாம். நமுனுகுலை 2,000 மீட்டருக்கு மேல நிக்குது. அதுக்கு எந்த அடிக்குறிப்பும் போட முடியாது.

காப்புறுதிய நாம அறியாதவங்களும் இல்ல. அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார இருக்கு. 2017ல பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு சுரக்ஷா வந்துச்சு, நெருக்கடியில நடுவுல நின்னு போய், திரும்பவும் வந்துச்சு. சாஸ்திரி ஒப்பந்தத்துல கூடலூருக்குப் போன நம்ம சொந்தக்காரங்களுக்கும் கார்டு இருக்கு. தமிழ்நாட்டுல 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்துச்சு, 2012ல ஜெயலலிதா அம்மா முதலமைச்சர் பேருல மாத்தி விரிச்சாங்க. காசு அரசாங்கமே கட்டுது, பெரிய ஆப்பரேசனுக்குப் பிரைவேட் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். நல்ல காரியம், பல பேரு உசுரு பொழைச்சிருக்கு. ஆனா அங்க போட்டிங்கிறது டென்டர் பெட்டிக்குள்ள முடிஞ்சு போற விசயம். ஒரு கம்பெனி எடுத்துச்சுன்னா எல்லாருக்கும் அதே கம்பெனிதான். நம்ம சொந்தக்காரப் பொம்பளைக்குக் கம்பெனி மாத்துற உரிமை கெடையாது. மாதாமாதம் வாங்குற பிரஷர் மாத்திரைக்கும் அந்தக் கார்டு ஒதவாது. அதுக்கு அவ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போறா. கொஞ்சம் கூட்டமாம், ஆனா நர்ஸம்மா தமிழ்ல பேசுறாங்களாம். அது காப்புறுதியால வந்ததில்ல, சர்க்கார் கட்டி ஆள் போட்டதால வந்தது.

காசு யாரு கட்டுவா? இதுக்கு ஒரு வரி எழுதியிருக்க: "ஊழியர் பங்களிப்பு." எவ்வளவு மென்மையான சொல்லு! எங்க பாசையில அதுக்குப் பேரு பிடிப்பு. சேமலாபத்துக்குப் பிடிப்பு, சங்கத்துக்குச் சந்தா பிடிப்பு, முற்பணம் பிடிப்பு, தூளுக்குப் பிடிப்பு. பிடிச்சது போக மிச்சத்துல இன்னொரு பிடிப்பு வைக்கப் போற. ஒல்லாந்துல பெரியவங்க ஆளுக்கு மாசம் 100 யூரோவுக்கு மேல கட்டுறாங்க, அதுக்கு மேல வருசத்துக்கு மொத 385 யூரோ வைத்தியச் செலவும் அவங்க கையிலதான். குறைஞ்ச வருமானக்காரனுக்கு அரசாங்கம் உதவிப்பணம் குடுக்குது, 18 வயசு வரைக்கும் புள்ளைங்களுக்குக் காசில்ல. அதெல்லாம் எந்தப் பையில இருந்து வருது? வரியில இருந்து. சுத்திச் சுத்திப் பாத்தா அரசாங்கமே காசு குடுக்கணும், அரசாங்கமே நிறுக்கணும், அரசாங்கமே விரட்டுறவனப் புடிக்கணும். இம்புட்டையும் செய்யத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, எங்க டிஸ்பென்சரிக்கு தமிழ் தெரிஞ்ச ஒரு டாக்டரப் போட முடியாதா?

கோவிச்சுக்காத. ஒன் கட்டுரைய கிழிக்கச் சொல்லல. வரிசைய மாத்தி எழுதச் சொல்றேன். கொழும்புல சனல் பண்ணிப் பண்ணிப் பையக் காலியாக்குறவனுக்குப் போட்டியும் காப்புறுதியும் வச்சுக் குடு; அங்க ரெண்டாவது ஆஸ்பத்திரி இருக்கு, மூணாவதும் இருக்கு, பேரம் பேச எடமிருக்கு. மருந்து வாங்குறதுல, ரத்தம் சோதிக்கிறதுல போட்டி விட்டுப் பாரு. அந்த வெலையில நடக்குற கூத்து ஒனக்கே தெரியும். இங்க ஊவாவுக்கு அந்தத் திட்டத்துல இருந்து ஒரே ஒரு துண்ட மட்டும் வெட்டி எடுத்துக் குடு: நிறுவைய. நோய் எங்க பாரமோ அங்க காசு கூட. இப்ப படுக்கை எங்க இருக்கோ, டாக்டர் எங்க இருக்காரோ, காசும் அங்கதான் போகுது. பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை மலை லயங்கள்ல ஒரு தலைக்கு ஒன்றரைத் தலைன்னு கணக்குப் போட்டு, அந்தக் காச மொதல்ல டிஸ்பென்சரிக்கு அனுப்பட்டும். கம்பெனி வந்து போட்டி போடுறதுன்னா அதுக்கு மேல வந்து போடட்டும், நான் மால போட்டு வரவேக்கிறேன், சங்கத் தலைவரையும் கூப்புட்டு ரெண்டு வார்த்த பேசச் சொல்றேன்.

கூட்டத்துல ஒருத்தரு கட்டாயம் எந்திரிச்சு, இதெல்லாம் மாகாணத்துப் பொறுப்புன்னு சொல்லிக் கைகழுவப் பாப்பாரு. சட்டப்படி அவரு சொல்றதுல பாதி சரிதான். 1987ல வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பொறகு மாகாண ஆஸ்பத்திரிங்க மாகாண சபை கையிலதான். அவருக்குப் பதில் சொல்ல ஒனக்கு ஒரு கணக்கு தாரேன், குறிச்சுக்க. ஊவா மாகாண சபைக்குக் கடைசியா தேர்தல் நடந்தது 2014 செப்டம்பர்ல. 2019ல அந்தச் சபையோட காலம் முடிஞ்சது. அதுக்குப் பொறகு வருசக்கணக்கா தேர்தலும் இல்ல, நாம போட்டு அனுப்புன உறுப்பினரும் இல்ல, ஆளுநர்தான் நடத்துறாரு.